மூன்றாம் அணியின் வலது கோடி

மூன்றாம் அணியின் வரிசை ஏழு வருடம் கோணலாகவே நின்றது. காலையில் கவாத்து மைதானத்தில் பியூகிள் ஊதியதும் ஆட்கள் ஓடிவந்து தோளோடு தோள் ஒட்டி ஒழுங்காகத்தான் நிற்பார்கள். இரண்டு மூச்சு விடுவதற்குள் வரிசையின் வலது கோடி மெல்ல வளைந்து தென்மேற்குப் பக்கம் சாய்ந்துவிடும். சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தார்கள், மறுநாள் கோடும் சாய்ந்திருந்தது. கயிறு கட்டினார்கள், கயிறும் வளைந்தது. மைதானத்தில்தான் கோளாறு என்று ஒரு கோடை முழுக்க மண்ணைக் கொத்தி, ரோலர் ஓட்டி, மட்டம் பிடித்துச் சமன் செய்தார்கள். மைதானம் கண்ணாடி மாதிரி ஆனது, வரிசை மட்டும் வாழைக்காய் மாதிரியே நின்றது. கடைசியில் நில அளவைக்காரர் ஒருவரை வரவழைத்து அந்தச் சாய்வு எங்கேதான் போகிறது பாருங்கள் என்றார்கள். அவர் முக்காலியை நட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே குன்றுக்கு மேலாக, நெடுஞ்சாலைக்குக் குறுக்காக, பேருந்து நிலையத்தின் பின்பக்கமாகப் போய், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்றின் வாசலில் நின்றார். உள்ளே யார் இருக்கிறார் என்று அவர் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் முகாமில் சமையல்காரன் வரைக்கும் தெரிந்த பதில்தான் கிடைத்திருக்கும்.

அந்தக் கடைக்காரன்தான் மூன்றாம் அணியின் மார்க்கராக இருந்தவன். வரிசை கூடும்போது முதலில் போய் வலது கோடியில் ஒருத்தன் நிற்பான், அவன் தோளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நேராவார்கள், அவனைத்தான் மார்க்கர் என்பது. அவனை வரிசையில் நிறுத்தியவர் கவாத்து மாஸ்டர். தொண்டை அப்படி என்பதால் அவருக்கு வெண்கலம் என்று பெயர். ஒரு நாள் உச்சி வெயிலில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் காய்ச்சலோடு நின்று, நின்ற மேனிக்கு விழுந்தான். யாரும் அசையக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது, எழுந்தால் எழட்டும் என்றார் வெண்கலம். மார்க்கர் நேர்ப்பார்வை பார்த்தபடி வெகுநேரம் நின்றான். பிறகு என்ன தோன்றியதோ, இடுப்பில் தொங்கிய தண்ணீர்க் குடுவையைக் கழற்றி, நின்ற இடத்தை விட்டு ஓர் அடி கூட எடுத்து வைக்காமல், வெண்கலத்தின் வாயைப் பார்த்து எறிந்தான். குறி அவனுக்கு எப்போதும் தப்பாது. முன்பல் ஒன்று போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவசரத்தில் நடந்தது. காவலர்கள் அவனை அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போனார்கள், சட்டைக் கையிலிருந்த பதவிப் பட்டையைக் கிழித்தார்கள், இவன் சேவை இனி தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டு, பொழுது சாய்வதற்குள் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். எல்லாம் செய்தவர்கள் ஒன்றைச் செய்யவில்லை. வரிசையில் நிற்பவனிடம், "வரிசையை விட்டு விலகு" என்று அவனை நிறுத்தியவர் வாயால் சொல்ல வேண்டும். வெண்கலம் ரத்தம் வழியும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் அவருக்கு அது மறந்தே போயிற்று. உடம்பைத்தான் வெளியே தள்ளினார்கள், ஆள் வரிசையிலேயே இருந்தான். இதைப் புரிந்துகொள்ளப் பட்டாளத்துக்குச் சில மாதம் பிடித்தது. புரிந்த பிறகும் வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. அவன் இடத்தில் வேறொருவனை நிறுத்தினால், புதிதாக நின்றவன் மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. நாலைந்து பேரின் சட்டை பாழானதும் அந்த இடத்தைக் காலியாகவே விட்டார்கள்.

வெளியே வந்தவன் முகாம் இருக்கும் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்று சொல்லி, காயில் கட்டப் பழகினான். எரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷில் முக்கி உலர்த்தும் வேலை. பொறுமை வேண்டும், அவனிடம் அது நிறையவே இருந்தது. தெருவில் எல்லாரும் மோட்டார்காரன் என்றார்கள். நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். குடித்துவிட்டு ஏறுகிறவனை விசில் ஊதி நடுரோட்டில் இறக்கிவிடுகிற பெண். கல்யாணமான மறுநாள் காலை, காபியை நீட்டினாள். அவன் வாங்கவில்லை. கண்கள் சுவரைக் குத்த, கைகள் தொடையோடு ஒட்ட, நட்ட கம்பம் போல நின்றான். ஓங்கித் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. எங்கோ குன்றுக்கு அப்பால் ஊதிய பியூகிள் அவளுக்குக் கேட்கவே இல்லை. கவாத்து முடிந்து அது மறுபடி ஊதியதும் அவன் கையை நீட்டி ஆறிப்போன காபியை வாங்கி, மன்னிப்புக் கேட்டு, நடந்ததெல்லாம் சொன்னான். கண்டக்டர் அழவில்லை. "ஆளை அனுப்பத் தெரியாதவனுங்களுக்கு ஆள் என்னத்துக்கு?" என்றாள். அன்றிலிருந்து பட்டாள வண்டி குறுக்கே வந்தால் அவள் பேருந்து வழி விடுவதில்லை.

பழகிவிட்டது. மனுஷனுக்கு எதுதான் பழகாது! அந்த நேரத்துக்கு முன்பே அடுப்பை அணைப்பான், இயந்திரத்தை நிறுத்துவான், போய் ஓரமாக நிற்பான். வாடிக்கையாளர்கள் அவனைச் சுற்றிப் போய்த் தங்கள் மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு மகள் பிறந்தாள். அப்பா சிலையாக நிற்கிற நேரத்தில் அவன் காலைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கவே பழகினாள். அந்த நேரத்தில் மட்டும் அவன் அசைய மாட்டான், ஏமாற்ற மாட்டான் என்று குழந்தைக்குத் தெரிந்திருந்தது.

அவளுக்கு நாலு வயதானபோது அது நடந்தது. வெண்கலத்துக்கு அன்று தங்கப்பல் கட்டிய இடம் வலித்தது. வலித்தால் அவர் ஊரையே எழுப்புகிறவர், பியூகிளை முன்னதாக ஊதச் சொன்னார். கடையில் மோட்டார்காரன் ஒரு மோட்டாரின் பின்மூடியைக் கழற்றி, மேசையில் வைத்து ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். ஸ்விட்சுக்குக் கையை நீட்டும்போதே விறைத்தான். மகள் ஸ்டூலில் ஏறினாள். மூடி கழன்ற மோட்டாரின் பின்னால் சுழலும் விசிறி அவளுக்குப் பளபளவென்று அழகாக இருந்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை, கை நீட்டினால் எட்டும் தூரம். அவனால் கத்தவும் முடியவில்லை, கண்ணை மூடவும் முடியவில்லை. பக்கத்துக் கடைத் தையற்காரர் அலறல் கேட்டு ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. மோட்டார்காரன் பியூகிள் மறுபடி ஊதும் வரை நேர்ப்பார்வை பார்த்தபடி நின்றான், கன்னத்தில் கண்ணீர் வழிய.

மருத்துவமனை வராந்தாவில் கண்டக்டர் சீருடையோடு வந்து நின்றாள். "பார்த்துக்கிட்டே நின்னியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் ஆமாம் என்றான். கேட்டுவிட்டு மகளைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அந்த ராத்திரியே முடிவு செய்தான். மறுபடி பட்டாளத்தில் சேருவது, சீருடை போட்டு அதே இடத்தில் நிற்பது, அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடுவது. ஒரு நாள் வேலை என்றுதான் நினைத்தான்.

ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவனை மறுபடி எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் போன மாதம்தான் மேலிடத்துப் பெரிய அதிகாரி ஒருவர் அணிவகுப்பைப் பார்வையிட வந்து, வாழைக்காய் வரிசையைக் கண்டு முகம் சுளித்துவிட்டுப் போயிருந்தார். எனவே சட்டத்தில் இடம் பண்ணினார்கள். வயது கூடுதல், மார்பு அளவு குறைவு, கண்ணில் செம்புத்தூள், எல்லாவற்றையும் டாக்டர் பார்க்காத மாதிரி பார்த்தார். ஸ்டோரில் கொடுத்த பூட்ஸ் ஒரு கால் பெரிது, ஒரு கால் சின்னது. மாற்றிக் கொடு என்றதற்கு, விட்டுப் போனவனுக்கு விட்டுப் போனதுதான் கிடைக்கும் என்றான் ஸ்டோர்காரன். பழைய சர்வீஸ் கணக்கில் வராது, கடைசிச் சிப்பாய்க்கும் கடைசி என்றார்கள். சரி என்றான். எதற்கும் சரி என்றான்.

மறுநாள் காலை அவன் போய் வலது கோடியில் நின்றான். வரிசை தாழ்ப்பாள் விழுகிற சத்தத்தோடு நேரானது. ஏழு வருடமாகக் கழுத்து ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருந்த ஆட்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒருத்தனும் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தக் கழுத்துவலிக்குக் காரணம் அவன்தானே. கவாத்து முடிந்ததும் அவன் வெண்கலத்தின் முன்னால் போய் நின்றான்.

"ஐயா, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிடுங்க. நான் போயிடறேன். குழந்தை இருக்கு."

வெண்கலம் தங்கப்பல் தெரியச் சிரித்தார். "எந்த வார்த்தைப்பா?"

"வரிசையை விட்டு விலகுன்னு."

"அதுவா? மறந்துபோச்சே. அந்தப் பல்லுக்குப் பக்கத்துலதான் வச்சிருந்தேன், பல்லோட போயிடுச்சு."

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. வெண்கலம் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. அதற்கெல்லாம் மேலே புகார் போகும். அவர் செய்தது ஒன்றுதான், அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சில நாள் "வரிசையை விட்டு..." என்று ஆரம்பித்து, இவன் முகம் மலர்வதைப் பார்த்து, இருமி, "...யாரும் எச்சில் துப்பக் கூடாது" என்று முடிப்பார். சக சிப்பாய்கள் இவன் தட்டில் மண் போட்டார்கள், போர்வையை நனைத்தார்கள். இவன் போனால் வரிசை மறுபடி கோணிவிடும் என்ற பயம் அவர்களுக்கு, ஆகவே இவன் போக ஆசைப்படுவதே குற்றம். இவனும் சும்மா இல்லை. வெண்கலத்தின் ஜீப்புக்கு அடியில் படுத்து டைனமோவைப் பழுது பார்க்கச் சொன்னால் பார்ப்பான், அடுத்த வாரம் வேறொன்று பழுதாகும். வெறுப்பு இரண்டு பக்கமும் வட்டி போட்டு வளர்ந்தது. கண்டக்டர் மாதம் ஒரு முறை வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். அவளும் பாசமாகப் பேசினாள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வந்தாள்.

இரண்டாம் வருடக் கடைசியில் ஒரு முறை அவள் வந்தபோது முகம் சரியில்லை.

"பாப்பாவும் நிக்கிறா," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை.

"காலையில உன்னை மாதிரியே நிக்கிறாய்யா. பால் பொங்குது, மேல தெறிக்குது, அப்படியே நிக்கிறா. தூக்கிப் பார்த்தேன், வரல. ஆறு வயசுப் புள்ள. நீ செத்தா அந்த இடம் யாருக்குன்னு நினைச்ச? அதுக்குத்தான் போகும், இப்பவே பழக ஆரம்பிச்சிருக்கு. வீடு மாதிரி அதுவும் வாரிசுக்கு எழுதியிருக்கு போல."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்டக்டர்தான் யோசித்தாள். விலகு என்று அவர் சொல்ல மாட்டார், சரி. வேறு என்னவெல்லாம் சொல்லுவார்? நில், திரும்பு, நட என்பார். நட என்று சொன்னால் முதலில் நடப்பது யார்? மார்க்கர். எந்தப் பக்கம் நடப்பது என்று பார்ப்பது யாரை? மார்க்கரை. "அப்போ வீட்டைப் பார்த்து நட. நில்லுன்னு சொன்னா காதுல விழக் கூடாது, அவ்வளவுதானே? காதுல விழாததைக் கேக்கலைன்னு யார் கேஸ் போடுவான்?" என்றாள். அவன் முகத்தில் இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. அடுத்த முறை அவள் கடையிலிருந்து பஞ்சும் பருத்தி நாடாவும், ஒரு குப்பியில் வார்னிஷும் கொண்டுவந்து கொடுத்தாள். காயிலுக்குள் ஈரம் போகாமல் அடைக்கிறவனுக்குக் காதை அடைக்கச் சொல்லித்தரவா வேண்டும்! எல்லாம் யோசித்தார்கள். எப்படி நிற்பது என்பதை மட்டும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

குறித்த நாளில் வெண்கலம் அணியை மேற்கே திருப்பி, தொண்டையைச் செருமி, "நட!" என்றார். மார்க்கர் முதல் அடியை எடுத்து வைத்தான், இரண்டாம் அடியில் இரண்டு காதையும் அடைத்தான், மூன்றாம் அடியில் தென்மேற்கே திரும்பினான். அவனோடு சேர்ந்து நாற்பது பேரும் ஒரே கோடாகத் திரும்பினார்கள். "நில்!" என்று வெண்கலம் போட்ட சத்தத்தில் மெஸ்ஸில் டம்ளர்கள் உருண்டன. மற்றவர்கள் காதில் விழுந்தது, ஆனால் தோளைப் பார்த்து நடக்கிறவனுக்குத் தோள் நின்றால்தானே நிற்க முடியும்? வேலிக்கம்பி படுத்தது. அவர்கள் பக்கவாட்டில் விரிந்த வரிசையாகவே போனார்கள், ஒருவர் பின் ஒருவராக அல்ல. ஆகவே வழியில் இருந்த எல்லாவற்றுக்குள்ளும் போனார்கள். இடது பக்கத்து ஆட்கள் ஒரு பல் டாக்டரின் அறைக்குள் நுழைந்து, வாயைத் திறந்திருந்தவரைத் தாண்டி மறுபக்கச் சுவர் வழியே வெளியேறினார்கள். எப்படி என்று டாக்டருக்கும் தெரியவில்லை, அந்தச் சுவருக்குப் பிறகு வெள்ளை அடிக்க வேண்டியிருந்தது என்பது மட்டும் தெரியும். நடுவில் இருந்தவர்கள் ஒரு வங்கியின் கவுண்டர்களை மிதித்து ஏறி இறங்கினார்கள். ஒரு தச்சுப் பட்டறையில் பாதி அறுத்த பலகை அப்படியே நின்றது. நெடுஞ்சாலையில் லாரிகள் நின்று வழி விட்டன. வெண்கலத்தின் ஜீப் வாசலைத் தாண்டவில்லை, அந்த வாரம் பழுதாக வேண்டியது எதுவோ அது சரியாகப் பழுதாகியிருந்தது. தபால்காரர் ஒருவரின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு அவர் பின்னால் மிதித்தார், நில் நில் என்று கத்திக்கொண்டே.

பியூகிள் ஊதுகிறவனும் வரிசையில்தான் நடந்துகொண்டிருந்தான். ஆகவே கவாத்து முடிந்ததற்கான ஊதல் அன்று ஊதப்படவே இல்லை. மோட்டார் கடைத் தெருவில் குழந்தை காலையில் எதிர்க் கடைக்குப் போகிற வழியில் நடுத்தெருவில் விறைத்தவள், உச்சிப் பொழுது வரைக்கும் அப்படியே நின்றாள். தையற்காரரும் பழக்கடைக்காரரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள், வேர் பிடித்த மாதிரி இருந்தாள். கண்டக்டர் லீவு போட்டுவிட்டுக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பட்டாளத்தையும், அதைக் கண்டுபிடித்தவனையும், அவனைப் பெற்றவளையும் அவள் வைத வசவில் பாதியைத்தான் அச்சில் ஏற்ற முடியும், அதையும் விட்டுவிடலாம். அப்போதுதான் தெருக்கோடியில் புழுதி தெரிந்தது. தெரு முழுக்க, இரண்டு பக்கத்து வீடுகளையும் சேர்த்து அகலமாக, பூட்ஸ் கால்கள் வந்தன. வலது கோடியில் தன் புருஷன். அவன் பாதைக்கு நேரே, அவளுடைய குழந்தை.

அவளுக்கு விளங்கிவிட்டது. அடி வயிற்றிலிருந்து விசிலை ஊதினாள். அந்த விசிலுக்கு எத்தனையோ பேருந்து நின்றிருக்கிறது. அவன் காதில் வார்னிஷ் காய்ந்து கல்லாக இருந்தது. "நில்லுய்யா! பாப்பாய்யா!" என்று கத்தினாள். குடையை வீசினாள், அவன் மார்பில் பட்டு விழுந்தது. அவன் கண் மகளைப் பார்த்தது, கால் நடந்தது. நட என்றவர் நில் என்று சொல்லி இவன் காதில் விழுந்தாலொழிய அந்தக் கால் நிற்காது. ஏழும் இரண்டும் ஒன்பது வருடமாக அவன் அறிந்த ஒரே சட்டம் அது. இங்கே கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அவள் நிற்கிறாள், நுனியில்லாத விரல் தொடையோடு ஒட்டியிருக்கிறது, கண் நேராக அவனையே பார்க்கிறது, அசையவும் மாட்டாள், கண்ணை மூடவும் மாட்டாள். அந்தப் பார்வை எப்படியிருக்கும் என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அவன் நின்றான். யாரும் சொல்லவில்லை. தூக்கிய கால் அவள் முகத்துக்கு நேரே கொஞ்ச நேரம் அந்தரத்தில் நடுங்கி, பின்னால் போய் இறங்கியது. நாற்பது பேரும் நின்றார்கள். அவன் முழங்காலை மடக்கினான். கவாத்து நேரத்தில் அது கட்டளை இல்லாமல் மடங்கியதே இல்லை, அதனால் துருப்பிடித்த கீல் மாதிரிச் சத்தம் போட்டது, தையற்காரர் கேட்டிருக்கிறார். குனிந்து மகளைத் தூக்கினான். அவள் வந்தாள், வெறும் குழந்தையின் கனத்தோடு. பிறகு கடை வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான்.

அந்த நேரம் பார்த்து வெண்கலம் சைக்கிளில் வந்து சேர்ந்தார். தொப்பி எங்கேயோ விழுந்திருந்தது. தன் கட்டளை இல்லாமலே நின்று, தன் கட்டளை இல்லாமலே உட்கார்ந்திருக்கும் சிப்பாயைப் பார்த்தார். இதற்கு மேலும் தாமதித்தால் தன்னிடம் ஒன்றுமே மிச்சமிருக்காது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. விறைப்பாக நின்று, மிச்சமிருந்த குரல் முழுவதையும் கூட்டி, "வரிசையை விட்டு விலகு!" என்றார். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. மோட்டார்காரன் காதில் பஞ்சு இருந்தது, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டர்தான் பதில் சொன்னாள். "இத்தனை நாளா வாயிலேயே அடக்கி வச்சிருந்தீங்களே, அப்படியே முழுங்குங்க. எங்களுக்கு வேணாம்."

விசாரணை நடந்தது. கடைசியாகக் காதில் விழுந்த கட்டளைக்குக் கீழ்ப்படிந்தான் என்பதால் தண்டிக்க வழியில்லாமல், இரண்டாம் முறையாக அவனை வெளியேற்றினார்கள், இந்த முறை ஒன்றுக்கு மூன்று அதிகாரிகள் விலகு விலகு என்று சொல்லி. அவன் விடுபட்டான், மகளும் விடுபட்டாள். வரிசை விடுபடவில்லை. முகாமில் கூட்டினால் ஆட்கள் நின்ற இடத்திலிருந்தே தென்மேற்கே நழுவத் தொடங்கினார்கள், வேலியையும் எத்தனை முறைதான் கட்டுவது? மேலிடம் யோசித்துப் பார்த்து, மூன்றாம் அணியின் கவாத்து மைதானத்தையே மோட்டார் கடைத் தெருவுக்கு மாற்றியது. பேருந்து நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்கள். பழக்கடைக்காரர் முதலில் சத்தம் போட்டார், இப்போது அவர் தள்ளுவண்டியை அவர்களே ஓரமாக நகர்த்தி வைக்கிறார்கள்.

இன்றும் காலையில் போனால் பார்க்கலாம். மோட்டார்காரன் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து காபி குடிக்கிறான், சூடாக. அந்த நாற்காலியின் முன்காலைப் பார்த்து நாற்பது பேரும் நேராகிறார்கள், கோணல் என்பதே கிடையாது. வெண்கலம் எதிர்ச் சுவரோரம் நின்று கட்டளை போடுகிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. கண்டக்டர் பாத்திரம் கழுவிய தண்ணீரை அவர் பூட்ஸுக்குப் பக்கத்தில் கொட்டுகிறாள், அவரும் தள்ளி நிற்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமானதும் மகள் பையை மாட்டிக்கொண்டு வந்து, வழியை அடைத்து நிற்கும் சிப்பாயின் முழங்கையை அந்தக் குட்டை விரலால் தட்டி, "கொஞ்சம் நகருங்க" என்கிறாள். சிப்பாய் நகர்கிறார்.